நாளுக்கு நாள் இளைத்த பை

ஆர்லெத் பிஷோன் யாருடைய பையையும் திறந்து பார்த்ததில்லை. தூக்கிப் பார்ப்பதோடு சரி.

நிவர்னே கால்வாய்க்கரையில் சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களின் பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பிழைப்பு. அவர்கள் காலையில் ரொட்டியும் காப்பியும் முடித்துவிட்டு, கார் லாரி எதுவும் எட்டிப் பார்க்காத கரைப்பாதையில், பாப்ளர் மர நிழலில் மெல்ல மிதித்துக்கொண்டு போவார்கள். வழியில் ஒரு பழைய கோட்டை, ஒரு கல்பாலம், ஆளில்லாத ஒரு சிற்றாலயம் என்று நின்று நின்று பார்ப்பார்கள். சாயங்காலம் விடுதிக்கு வந்தால் பெட்டி அறையில் இருக்கும். அதைக் கொண்டுவந்து வைத்த பெண்ணை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் மட்டும் எல்லோரையும் பார்த்து வைத்திருப்பாள்.

சைக்கிள்காரர்களை அவளுக்குப் பிடிக்காது. அவர்களால்தான் சோறு என்பது வேறு விஷயம். சிரித்த முகத்தோடு வந்து தண்ணீர் கேட்கிறவனைக் கண்டால், இவன் அடுத்து என்ன கேட்பான் என்றுதான் அவள் மனம் ஓடும்.

அந்த செப்டம்பரில் பெல்ஜியத்திலிருந்து லுதோவிக் கொலார் என்பவன் தனியாக வந்தான். நாற்பதைத் தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத ஆள். முதல் நாள் அவன் பையைத் தூக்கியதும் ஆர்லெத்தின் முதுகு பிடித்துக்கொண்டது. மறுநாள் அதே பை கொஞ்சம் லேசாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் லேசு.

கொர்வியே கிராமத்தில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஷான்தால் அவளுடன் பள்ளியில் படித்தவள். அவளிடம் ஆர்லெத் சொன்னாள்.

"நாளுக்கு நாள் இளைக்குதுடி அந்தப் பை."

"கொண்டுவந்ததைத் தின்னு தீர்க்கிறான் போல. பெல்ஜியம்காரனாச்சே, சாக்லேட்டா இருக்கும்."

"அத்தனை கனத்துக்கு சாக்லேட் தின்னா சைக்கிள் மிதிக்க முடியுமா? எதையோ வழியில விட்டுட்டுப் போறான்."

"உனக்கு எவனைப் பார்த்தாலும் திருடன்தான். என் கல்யாணத்தன்னிக்கே என் புருஷன் கோட்டுப் பாக்கெட்டை நோட்டம் விட்டவ நீ."

"நான் பார்த்தது சரியாப்போச்சா இல்லையா?"

ஷான்தால் அந்தப் புருஷனை விட்டுப் பிரிந்து பல வருஷம் ஆகிறது. கோப்பையைத் துடைத்தாள்.

ஆர்லெத் இப்படி ஆனதற்குக் காரணம் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா ஒக்தாவ், கொர்வியேயில் படகுகளுக்காகக் கால்வாய் மதகைத் திறந்து மூடுகிறவராக இருந்தார். மதகை ஒட்டியிருந்த சிற்றாலயத்தின் சாவியும் அவர் பொறுப்பில்தான். உள்ளே படகுக்காரர்களின் காவலரான நிக்கோலா புனிதர், இரண்டு சாண் உயர மரச்சிலையாக நின்றிருந்தார். காலடியில் ஒரு மரத்தொட்டி, அதற்குள் மூன்று பிள்ளைகள். ஆர்லெத் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடையில் சிலை காணாமல் போனது. கதவு உடையவில்லை, பூட்டும் உடையவில்லை. கோயிலைப் பார்க்க வேண்டுமென்று கேட்ட ஒரு சைக்கிள்காரனிடம் சாவியைக் கொடுத்தேன், இடது கையில் இரண்டு விரல் இல்லாத ஆள், போகும்போது சாவியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான் என்று ஒக்தாவ் சொன்னார். போலீஸ் எழுதிக்கொண்டது. அவரே எடுத்துவிட்டுக் கதை கட்டுகிறார் என்று ஊர் சிரித்தது. சைக்கிளில் புனிதரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அன்று முதல் கொர்வியேயில் கோழி காணாமல் போனாலும், மழைக்குடை காணாமல் போனாலும், "ரெண்டு விரல்காரன் எடுத்துட்டான்" என்பார்கள். ஒக்தாவ் கடைக்குள் நுழைந்தால் யாராவது இரண்டு விரலை மடக்கிக் காட்டுவார்கள். அவர் சாகும்வரை அது ஓயவில்லை. அவர் போன பிறகு சாவி மகளிடம் வந்தது. காலியான மாடத்துக்குச் சாவி எதற்கு என்று யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் ஆர்லெத் பொறுக்க மாட்டாமல் அவன் போகும் வழியில், பூஸ்லான் ஊர் எல்லையில் ஒரு பழைய சிற்றாலயத்துக்கு எதிரே, வேனை மரங்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். லுதோவிக் வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். முன்னும் பின்னும் பார்த்தான். பின்சக்கரத்தின் மேலிருந்த சைக்கிள் பையிலிருந்து மழைக்கோட்டில் சுற்றிய எதையோ எடுத்துக்கொண்டு சிற்றாலயத்துக்குள் போனான். திரும்பி வரும்போது கோட்டு மட்டும் தட்டையாக மடிந்து அவன் கக்கத்தில் இருந்தது.

அவன் போனதும் அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்த மாடத்தில் பார்பரா புனிதை மரச்சிலையாக நின்றுகொண்டிருந்தாள்.

ஆர்லெத்துக்கு முதலில் வந்ததும் சந்தேகம்தான். எங்கோ திருடியதை இங்கே ஒளித்து வைக்கிறான், பின்னால் இன்னொருவன் வந்து எடுத்துக்கொள்வான் என்று நினைத்தாள். பிறகு சிலையின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். மாடத்துக் கல்லில் தேய்ந்திருந்த பழைய வட்டத்தில் அது அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

வேனுக்கு ஓடினாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இன்னொருவர் பையின் ஜிப்பைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில், குளியல் துவாலையில் சுற்றி, ஒரே ஒரு பொருள்தான் மிச்சம் இருந்தது. துவாலையை முழுவதும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டியும் மூன்று தலைகளும் தெரிந்ததும் அவள் அப்படியே வண்டியின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பையை விடுதியில் இறக்கவில்லை. நேரே கொர்வியே மதகுக்குப் போய்க் காத்திருந்தாள். பிற்பகலில் லுதோவிக் வந்து இறங்கினான்.

"மதாம், இந்தக் கோயில் சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரியுமா?"

"என்கிட்டதான். எதுக்கு?"

"சும்மா பார்க்கணும். பழைய கோயில்னா எனக்கு ஆசை."

"இதையேதான் முன்னாடி வந்தவரும் சொன்னாரு. உங்களுக்கு அவரு என்ன வேணும்?"

அவன் முகம் வெளுத்தது. அவள் வேனின் கதவைத் திறந்து துவாலையைக் காட்டினாள். கால்வாயில் ஒரு வாத்து சத்தம் போட்டுக்கொண்டு போனது.

"எங்கப்பா," என்றான் கடைசியில். "வாத்தியாரா இருந்தாரு. கோடை லீவு விட்டா சைக்கிளை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடுவாரு. வீட்டுல ஒரு அலமாரி நிறைய சாமிங்க. பழைய சாமான் கடையில வாங்கினதுன்னு சொல்வாரு. சாகறதுக்கு முன்னாடிதான் எங்கெங்கே எடுத்ததுன்னு சொன்னாரு. வாத்தியார் பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு அம்மா அழுதாங்க. அதான் சத்தமில்லாம வச்சிட்டுப் போயிடலாம்னு வந்தேன். இதுதான் கடைசி. நீங்க கதவைத் திறந்தா ஒரு நிமிஷத்துல வச்சிட்டுப் போயிடுவேன்."

"வச்சிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு ஊர்ல என்ன சொல்வாங்க தெரியுமா? சாவி யாருகிட்ட இருந்துச்சு, ஒக்தாவ் மககிட்ட. சாமி எங்க இருந்துச்சு, ஒக்தாவ் வீட்டுப் பரண்ல. அவன் செத்ததும் மக பயந்துபோய் திருப்பி வச்சுட்டா. உங்கப்பா எடுத்துட்டுப் போனது ஒரு தடவை. இப்போ நீங்க எங்கப்பனை ரெண்டாந்தடவை திருடனாக்கப் பாக்குறீங்க."

லுதோவிக் தலையைக் குனிந்துகொண்டான். "என்ன செய்யச் சொல்றீங்க?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு முன்னாடி ஊர்க்காரங்க எல்லாம் ஷான்தால் கடையிலதான் இருப்பாங்க. அங்க வந்து உங்க வாயால சொல்லணும்."

"வர்றேன்."

அவள் அவன் சைக்கிளைப் பிடுங்கி வேனுக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டினாள்.

"என்னை நம்பலையா மதாம்?"

"எங்கப்பா உங்கப்பாவை நம்புனாரு."

அவனை விடுதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவள் சிலையைச் சமையலறை மேசையில் வைத்தாள். தலைமறைவாகி ரயில் ஏறிவிடுவானோ என்று விடுதிக்காரியிடம் இரண்டு முறை போனில் கேட்டாள். அறையில்தான் இருக்கிறான், சூப் கூடக் குடிக்கவில்லை என்று பதில் வந்தது.

ஞாயிறு வந்தான். கடை நிறைய ஆட்கள், கையில் வெள்ளை ஒயின். ஆர்லெத் துவாலையோடு சிலையைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்ததும் பேச்சு நின்றது. ஷான்தால் மட்டும் மெதுவாக, "அட கடவுளே, நிக்கோலா," என்றாள்.

லுதோவிக் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அப்பாவின் பெயரையும் அவர் வேலை பார்த்த ஊரையும் மறைக்காமல் சொன்னான்.

முதலில் வாயைத் திறந்தவர் ஃபிர்மான். எண்பதை நெருங்கிய திராட்சைத் தோட்டக்காரர். ஒக்தாவைக் கண்டால் முதல் ஆளாக விரலை மடக்கிக் காட்டியவர்.

"கதை நல்லா இருக்கு. ஒக்தாவ் மகளே, இந்தத் தம்பிக்கு எத்தனை பாட்டில் வாங்கிக் கொடுத்தே?"

சிலர் சிரித்தார்கள். ஆர்லெத் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் தம்பி," என்று ஃபிர்மான் விடாமல் கேட்டார், "உங்கப்பாவுக்கு இடது கையில ரெண்டு விரல் இருக்காதே? அதையும் சொல்லிக் கொடுத்திருப்பாளே."

கடை முழுவதும் சிரித்தது. லுதோவிக் சிரிக்கவில்லை. திகைத்துப்போய் அவரைப் பார்த்தான்.

"ஆமா. சின்ன வயசுல மரம் அறுக்கிற மெஷின்ல போனது. அதை நான் யாருகிட்டயும் சொல்லலியே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தேடி ஒரு படத்தை நீட்டினான். மகனின் தோளில் கை போட்டபடி ஒரு கிழவர். தோளில் தெரிந்த கையில் மூன்று விரல்கள்தான்.

போன் கைமாறிக் கைமாறிக் கடையைச் சுற்றி வந்தது. ஃபிர்மானிடம் வந்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒயினை அப்படியே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆர்லெத்துக்கு அழுகை வரவில்லை. அவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்களில் யார் நாளைக்கே மாற்றிப் பேசுவார்கள் என்று எடை போட்டாள். இரண்டு பேரைக் குறித்தும் வைத்துக்கொண்டாள். அவள் கணக்குத் தப்பவில்லை. அடுத்த வாரமே ரொட்டிக்கடையில், படத்தையெல்லாம் இந்தக் காலத்தில் எப்படி வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று ஒருத்தி சொன்னது அவள் காதுக்கு வந்தது.

லுதோவிக்குக்குச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கை நீட்டினான். கை குலுக்கினாள்.

"அலமாரியில வேற ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல மதாம். சத்தியமா இல்ல."

இருக்கலாம் என்றுதான் அவளுக்குப் பட்டது. வேறு மாவட்டத்துச் சாமிகளாக இருக்கலாம். மேலே கேட்கவில்லை. அவன் கரைப்பாதையில் ஏறி, வளைவில் மறையும்வரை மதகின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிக்கோலா தன் மாடத்துக்குத் திரும்பிப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம், ஃபிர்மான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை.

"கோயில் சாவி வேணும். கொஞ்ச நேரம் உள்ள உட்காரணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா கேட்கிறே? சாமி கும்பிடத்தான்."

அவள் சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். தானே கதவைத் திறந்துவிட்டு, அவர் உள்ளே முட்டி போட முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள். கால்வாய்ப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. உள்ளே போய் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.