படத்துக்காரிக்குச் சட்டை

மச்சாளைக் கண்டால் எனக்கு ஆகாது. என் கணவரின் அக்கா. நான் கலியாணம் செய்த நாளிலிருந்து, தான் இருக்கிற அஜக்ஸிலிருந்து நாங்கள் இருக்கிற மில்லிக்கனுக்குக் காரோடி வந்து என் வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார். கடைசியாகத் திருத்தியது என் படுக்கையறைப் படத்தை.

அது பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் ஒன்றின் பிரதி. டவுன்ரவுனில் ஒரு கண்காட்சியில் வாங்கினேன். குளித்துவிட்டு வந்த ஒருத்தி குந்தியிருந்து கால் நகம் வெட்டுகிறாள். உடுப்பு தோளால் நழுவி ஒரு மார்பு தெரிகிறது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, நகம்தான் முக்கியம். ஐந்து பேருக்கு ஒரு குளியலறை என்று வாழ்கிற எனக்கு அவளைக் கண்டதும் பொறாமையாக இருந்தது. ஆட்கள் வந்துபோகிற ஹோலில் வைக்கவில்லை. என் கட்டிலுக்கு எதிரே, வெறுந்தாளாகவே ஒட்டினேன்.

தவக்காலத்துக்கு முன் வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளிப்பார், செபக்குழுப் பெண்கள் பின்னாலேயே வருவார்கள். உதவிக்கென்று மச்சாள் முன்னதாகவே வந்துவிட்டார். நான் கீழே ரோல்ஸ் பொரித்துவிட்டு மேலே போனால், படத்துக்காரி சட்டை போட்டிருக்கிறாள். கறுப்பு மார்க்கரால், கழுத்துவரை மூடி, முழுக்கை வைத்து.

"ஃபாதர் வாற நேரம் உது உப்பிடி நிண்டா என்ன நினைப்பார்? கழட்டினா நீர் கோவிப்பீர் எண்டுதான் சட்டை கீறிவிட்டனான்."

நான் நன்றி சொல்வேன் என்று காத்து நின்றார். நான் வாய் திறக்க முதல் எல்லாரும் ஏறி வந்துவிட்டார்கள். கதவில் தொங்கிய என் உள்ளாடை, மாத்திரைப் போத்தல்கள், மடிக்காத போர்வை எல்லாவற்றையும் செபக்குழு அன்ரிமார் ஆற அமரப் பார்த்தார்கள். அதில் யாருக்கும் வெட்கம் தெரியவில்லை. ஃபாதர் படத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"விடும், அக்கா நல்லதுக்குத்தானே செய்தவ," என்றார் கணவர். அக்கா செய்வதெல்லாம் அவருக்கு நல்லதுதான். அடுத்த நாள் நான் கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி, அறைக் கதவில் நானே பொருத்தினேன்.

போன ஞாயிறு மச்சாள் வந்தார். வழக்கம்போல நேரே மேலே ஏறிக் கைப்பிடியைத் திருகினார். நான் உள்ளே கட்டிலில் இருந்தேன்.

"பூட்டிப்போட்டு உள்ளுக்க என்ன செய்யிறீர்?"

"ஒண்டும் செய்யேல்லை மச்சாள். சும்மா இருக்கிறன். நீங்கள் கீழ போங்கோ."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை நான் எழும்பவில்லை. கேட்ட பிறகும் எழும்பவில்லை.