அங்கீகாரம் வராத பட்டம்

தம்பி வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஆவூர் வீட்டுக்கு நான் போனபோது, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, இதைப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு. சாயங்காலத்தோட அட்மிஷன் முடியுது."

அவன் பாலிடெக்னிக் படித்தவன். வளைகுடாவில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கில் யாரும் ஊடுருவாமல் கண்காணிக்கும் வேலை. கெட்டிக்காரன்தான். ஆனால் பட்டம் இல்லாததால் குடும்ப விசா கிடைக்கவில்லை. மனைவியும் மகளும் ஆவூரிலேயே இருந்தார்கள். நான் புதுக்கோட்டையில் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். அதனால்தான் என்னைக் கேட்டான்.

திரையில் இருந்த நிறுவனத்தை எனக்குத் தெரியும். கணினிப் பாதுகாப்புத் தேர்வுகள் நடத்திச் சான்றிதழ் தரும் வெளிநாட்டு நிறுவனம். அந்தத் தேர்வுகளை எழுதச் சொல்லி என் மாணவர்களையே நான் தூண்டியிருக்கிறேன். இப்போது அவர்களே இளநிலைப் பட்டமும் தரத் தொடங்கியிருந்தார்கள். தம்பி ஏற்கெனவே வாங்கிய சான்றிதழ்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். சில மாதங்களிலேயே முடித்துவிடலாம்.

பாடத்திட்டத்தைப் படித்தேன். எங்கள் கல்லூரியில் நடத்துவதைவிட நன்றாக இருந்தது. மனதுக்குள் சந்தோஷம்கூட வந்தது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

அவர்களுடைய சென்னை அலுவலக எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"எங்க சர்ட்டிஃபிகேட் உலகம் பூரா செல்லும் மேடம்."

"சர்ட்டிஃபிகேட்டைக் கேக்கலைங்க. டிகிரியைக் கேக்குறேன். அங்கீகாரம் இருக்குதுங்களா?"

"ப்ராசஸ்ல இருக்கு மேடம்."

"அது வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் படிச்சு முடிச்சிட்டா, அவரோட பட்டம் செல்லுமா?"

"அதுக்கு நாங்க உறுதி தர முடியாது மேடம்," என்றார். பொய் சொல்லாமல் பேசினாரே என்று இருந்தது.

போனை வைத்தேன். "ஒனக்கு வேலைக்கு இது ஒதவும்டா. ஆனா விசாவுக்குப் பட்டத்தை அட்டஸ்டேஷன் பண்ணணும்ல? அங்கீகாரம் இல்லாத பட்டத்துல யாரும் முத்திரை குத்தித் தரமாட்டாங்க."

"வந்துரும்க்கா. அவ்வளவு பெரிய கம்பெனி."

"வரலைன்னா?"

அவன் எழுந்தான். முகம் சிவந்துவிட்டது. "நீ மட்டும் பேருக்குப் பின்னால பட்டம் போட்டுக்கலாம். எனக்குன்னா ஆகாதோ?"

அடுப்படி வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். சீக்கிரமே அவனோடு போய்விடலாம் என்று நம்பி, மகளுக்கு டி.சி. வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நாளைக்கு டி.சி.யை வாங்குறதா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்கண்ணி."

தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"வாங்காதம்மா," என்றேன்.

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கீரனூர்ப் பக்கம் போய்விட்டான். போன் செய்தால் எடுக்கவில்லை. ஆக்கி வைத்த கறிச்சோறு ஆறியது. போன இடத்திலிருந்தே கோபத்தில் சேர்ந்துவிடுவானோ என்று நானும் அவளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாயும்போது வந்தான்.

"சேரலை. சோறு இருந்தாப் போடு," என்று மனைவியிடம் சொன்னான். என்னிடம் பேசவில்லை. வளைகுடாவுக்குக் கிளம்பும்போதும் "போயிட்டு வாரேன்" என்றதோடு சரி.

பிறகு, அங்கே விசாவுக்குச் செல்லுபடியாகும் என்று விசாரித்து உறுதி செய்துகொண்டு, நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தான். அதை அவன் மனைவிதான் சொன்னாள். முடிக்க வருடக்கணக்கில் ஆகும். அதுவரை அவளும் பிள்ளையும் இங்கேதான்.

அந்த நிறுவனத்தின் பக்கத்தை இன்றும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். நல்ல படிப்பு, அங்கீகாரம் கிடைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கிடைத்துவிட்டால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்றும் நினைக்கிறேன்.

போன மாதம் அவனே கூப்பிட்டான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, இந்தக் கணக்குப் பேப்பர் ஒண்ணும் வெளங்கலை. ஞாயித்துக்கிழமை நீ சும்மாத்தான இருப்ப?"

"சும்மாத்தான்டா இருப்பேன்," என்றேன்.