செயற்கைக்கோளுக்கு ஒரு சர்வே நம்பர்

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் படிக்க வசதியாக எங்கள் காட்டுப் பாறையில் சர்வே நம்பரைச் சுண்ணாம்பால் எழுதி வைத்தவள் நான். ஒவ்வோர் எண்ணும் ஆள் உயரம். பதினொரு வயதில் யாரும் செய்யக்கூடியதுதான் என்று அதை மன்னித்துவிடலாம். ஆனால் எழுதி முடித்தபின், எதற்கும் இருக்கட்டும் என்று பாறைமேல் ஏறி நின்று, அண்ணாந்து பார்த்து, அந்த எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தும் காட்டினேன். வகுப்பில் முதல் மாணவி வேறு.

எண்பதுகளின் கடைசி அது. கம்பைநல்லூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சிற்றூரில் இருந்தோம். எங்களுக்கு இருந்தது மூன்று ஏக்கர் மேட்டுக்காடு. அதில் அரை ஏக்கரைப் பாறை எடுத்துக்கொண்டது. மீதியில் மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் பேச்சு. இந்த ஏற்பாடு அலுத்துப்போன அம்மா, முந்தின ஐப்பசியில் மண் நனைந்திருந்த சமயம் பார்த்து, யாரையும் கேட்காமல் நாற்பது ஒட்டு மாங்கன்றுகளைக் கொண்டுவந்து நட்டுவிட்டாள். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது முப்பத்தெட்டுக் குழிகள் மூடப்பட்டிருந்தன. மீதி இரண்டையும் அவரையே மூடச் சொன்னாள்.

மாசி பிறந்ததும் ஈரம் போயிற்று. கீழ்க்காட்டில் சித்தப்பாவுக்குக் கிணறு இருந்தது. அங்கிருந்து மேட்டுக்கு, தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக அம்மா காலையும் மாலையும் ஏறினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் ஒரு சின்னக் குடத்தோடு பின்னால் போவேன். நான் மேலே போய்ச் சேரும்போது பாதி என் பாவாடையில் இருக்கும்.

ஒருநாள் சித்தப்பா வரப்பில் நின்று தொண்டையைக் கனைத்தார். "அண்ணி, கெணத்துல மோட்டாரு காத்து இழுக்குதுங்க. இந்த மாசம் வேண்ணா எடுத்துக்கங்க. அப்பறம் எங்க மாட்டுக்கே பத்தாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அம்மாவும் சண்டை போடவில்லை. குடத்தை இறக்கி வைக்காமலே, "சரிங்க, அதுக்குள்ள நாங்க போர் போட்டுக்கறோம்" என்றாள். அப்பா அப்போது பக்கத்தில்தான் இருந்தார். போர் போடப்போகும் செய்தியைச் சித்தப்பாவும் அவரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டார்கள்.

அப்பாவுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. நீரோட்டம் பார்ப்பவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து போயிருந்தார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார்கள். கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் காட்டில் இரண்டு பேருடைய தேங்காயும் மூன்று ஏக்கரையும் படுத்தபடியே கடந்து போயின.

"நாளைக்குப் போட்டுப் புகையா வந்தா ஊரு என்னையத்தான் சிரிக்கும்" என்றார் அப்பா. "யாராச்சும் ஒருத்தன், ஒரே ஒருத்தன், தண்ணி இருக்குதுன்னு சொல்லட்டும். மறுநாளே போடறேன்."

"நான் சொல்றேன், இருக்குது" என்றாள் அம்மா.

"நீ சொன்னா ஆச்சா?"

அம்மா சொன்னால் ஆகாது என்பது அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாக இருந்தது. எனக்குமே அப்படித்தான் தோன்றியது.

கம்பைநல்லூரில் பஸ் நிற்கும் இடத்தில் பாய் ஒருவர் பூட்டும் குடையும் டார்ச் லைட்டும் ரிப்பேர் பார்த்தார். தினமும் பேப்பர் வாங்குவார். மூக்குக் கண்ணாடி உடைந்ததிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். கூலி ஒரு கடலை மிட்டாய். அப்படி ஒருநாள் படித்ததுதான் அந்தச் செய்தி. நம் நாட்டின் செயற்கைக்கோள் ஒன்று வானத்திலிருந்து பூமியைப் படம் பிடிக்கும், பயிர், காடு, நிலத்தடி நீர் இவற்றையெல்லாம் கண்டறிய அந்தப் படங்கள் உதவும் என்று போட்டிருந்தது.

பாய் குடைக்கம்பியைக் கீழே வைத்தார். "மண்ணுக்கு அடியில இருக்கற தண்ணியே தெரியுதுன்னா, கூரைக்கு அடியில நாம இருக்கற லட்சணமும் தெரியுமில்ல பாப்பா?" என்று கேட்டுவிட்டு, திறந்து கிடந்த சட்டைக்கு இரண்டு பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

செய்தி ஊருக்குள் என்னோடு நடந்தே வந்தது. எங்கள் ஊரில் குளிக்கும் மறைப்புகளுக்கு நாலு பக்கம் தட்டி உண்டு, மேலே ஒன்றும் கிடையாது. ஆகாயத்தில் யார் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. ஒரே வாரத்தில் ஏழெட்டு வீடுகளில் மறைப்புக்கு மேலே தென்னங்கீற்று ஏறிவிட்டது. சித்தி பழைய சாக்கைப் போட்டு மூடினாள். சித்தப்பா அதைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள் காலையில், வண்டிப்பாதைப் பக்கம் தன் வேலியைப் பிடுங்கி நாலடி உள்ளே தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். அந்த நாலடி புறம்போக்கு.

"என்னாங்க கொழுந்தனாரே, வேலிக்கு இன்னிக்கு நாள் நல்லாருக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

"கரையான் அரிச்சிருச்சிங்க அண்ணி."

"மேல இருக்கறது எழுதிக்கிட்டு போயிருக்குமே. இப்ப மாத்தி என்ன பண்றது?"

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு இன்னும் ஓரடி உள்ளே நட்டார்.

எங்கள் ஊர் புரிந்துகொண்டது இதுதான். செயற்கைக்கோள் என்பது தாலுகா ஆபீஸின் மொட்டைமாடி. அரசாங்கம் மேலே ஏறி நின்று பார்க்கிறது. அம்மா அதையே இன்னும் கொஞ்சம் ஒழுங்காக யோசித்தாள்.

"மேல இருந்து பாத்தா எத்தன காடு தெரியும்? இது நம்முதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தாலுகா ஆபீசுல நம்பர் இல்லாம ஒரு காயிதம் நகருதா? இதுவும் கவர்மெண்டு வண்டிதான? நம்பர் கேக்காமயா இருக்கும்?"

இவ்வளவு தெளிவான வாதத்தை நான் அதுவரை அறிவியல் வகுப்பில்கூடக் கேட்டதில்லை. பட்டாவை எடுத்தோம். பொங்கலுக்கு வெள்ளையடித்தது போக மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்தோம். எண்களின் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் ஒரு சிக்கல் வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் வடக்கு மேலே இருப்பதை ஆதாரமாகக் காட்டி, வடக்கே தலை வைத்து எழுதலாம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"வடக்கத் தல வெச்சுப் படுக்கவே கூடாதும்பாங்க, நம்பரப் படுக்க வெக்கறாங்க" என்று சித்தப்பா வரப்பிலிருந்து சொன்னார். அம்மா வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து என் கையில் கொடுத்தாள். பாறை கொதித்தது. செருப்பில்லாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று எழுதினேன். எழுதியதற்கு மேல் அம்மா இரண்டாம் பூச்சுப் பூசினாள். நூற்றுப் பன்னிரண்டின் கீழ் மூன்று. அதன்பிறகுதான் நான் உரக்கப் படித்துக் காட்டியது.

பிறகு காத்திருந்தோம். செயற்கைக்கோள் பார்த்தால் சொல்ல வேண்டுமே, எங்கே சொல்லும்? பேப்பரில்தான். தினமும் பாய் கடையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினேன். வெங்காய விலை இருந்தது, பஸ் கவிழ்ந்தது இருந்தது, நூற்றுப் பன்னிரண்டு இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட உட்காரும்போது அப்பா கேட்பார். "உங்க ராக்கெட்டு என்னா சொல்லுது?" அவர் கேலியாகத்தான் கேட்டார். இருந்தாலும் பதிலுக்கு ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பார். அந்த ஒரு நொடி எனக்குத் தாங்கவில்லை.

பங்குனி நெருங்கியது. ஆறு கன்றுகளில் இலை ஓரம் தீய்ந்து சுருண்டது. சித்தப்பா வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மா குடத்தோடு வரும்போதெல்லாம் கிணற்றை எட்டிப் பார்த்தார். அம்மா குனியாமல் நடந்தாள். ஒருநாள் மாலை குடத்தோடு பின்னால் போன நான், அவள் பிடரியில் சும்மாட்டுத் துணியிலிருந்து வடிந்த நீர் அங்கேயே காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருவர் சொல்ல வேண்டும், ஒரே ஒருவர். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மறுநாள் பாயிடம் முந்தின நாள் பேப்பரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவுக்குக் கொட்டை எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், பொடி எழுத்து வராது. அதனால் பொடி எழுத்தாகப் பார்த்து ஒரு கூந்தல் தைல விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் விரலை ஓட்டிக்கொண்டு படித்தேன்.

"தர்மபுரி மாவட்டத்தில் பாறை நிறைந்த மேட்டு நிலங்களில் ஏராளமான தண்ணீர் இருப்பதைச் செயற்கைக்கோள் கண்டுபிடித்துள்ளது. குறிப்பாகப் பாறைக்குக் கிழக்கே, மாங்கன்றுகள் நடப்பட்டுள்ள இடங்களில் தண்ணீர் அதிகம் என்று விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "மாங்கன்னுன்னே போட்டிருக்குதா?"

"ஆமாங்கப்பா. ஒட்டு மாங்கன்னு."

"எங்க, காட்டு."

விரல் தைலத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா எட்டி என் கையிலிருந்து பேப்பரை வாங்கி நாலாக மடித்துக் கேழ்வரகுப் பானைக்கு அடியில் வைத்தாள். "கையெல்லாம் கொழம்பு. பாய் பேப்பரு, கறையாச்சுன்னா யாரு பதில் சொல்றது? கேட்டதுதான் கேட்டீங்களே, ஒருத்தராச்சும் சொல்லட்டும்னு. சொல்லியாச்சு."

அப்பா தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டார். "சரி" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருச்செங்கோட்டு போர் வண்டி எங்கள் காட்டில் வந்து நின்றது. கூடவே கம்ப்ரஸர் லாரி. அறிவியலின் வேகத்தை நினைத்து நான் மலைத்துப்போனேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. போகச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

ஊரே வந்து வட்டமாக நின்றது. கன்றுகளுக்கு நடுவே இரும்புக் கம்பி அடிப்பாறையைக் குடைய ஆரம்பித்ததும் வெள்ளைப் புழுதி எழுந்தது. நூறு அடியில் புழுதி. இருநூறு அடியில் அதே புழுதி. மாங்கன்றுகள், அப்பாவின் மீசை, சித்தப்பாவின் மாடு எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. தண்ணீர் இல்லாத போரைப் புகை என்று சொல்வதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

"சேட்டிலைட்டு மாவு அரைக்குதுங்கோ" என்று சித்தப்பா சத்தம் போட்டார். கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இனி கூந்தல் தைலம் பற்றிக்கூடப் பொய் சொல்லமாட்டேன் என்று தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

முந்நூறு அடி ஆனதும் மெஷின் நின்றது. வண்டிக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். "என்னாங்க, கம்பிய மேல ஏத்திக்கலாமா? வீணா எதுக்குங்க."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டாள். "வண்டியில கம்பி மிச்சம் இருக்குதா?"

"இருக்குதுங்க. ஆனா—"

"அப்பறம் எதுக்கு நிறுத்தறீங்க? உடுங்க."

"அம்மா, இதுக்கு மேல போனாலும் கல்லுதாங்க."

"கல்லுன்னு எனக்குத் தெரியாதா? குழி தோண்டினவ நான்தான. உடுங்க கீழ."

வண்டிக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். பின்பு, பேப்பர்காரனே சொன்னபிறகு நாம் யார் என்பதுபோலத் தலையாட்டினார். மெஷின் மறுபடி கத்தியது. இன்னும் மூன்று கம்பி இறங்கின. நான்காவது பாதி இறங்கும்போது புழுதி சட்டென்று கறுத்தது. பிறகு சேறாகத் துப்பியது. பிறகு பாறை உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் நனைத்தது. ரெண்டு இஞ்சு தண்ணி என்றார்கள். நாற்பது கன்றுக்கு அது போதும்.

"யாருங்க பாயிண்டு பாத்தது?" என்று வண்டிக்காரர் கேட்டார். அப்பா விரலை வானத்தை நோக்கி நீட்டினார். அவர் அதைக் கடவுள் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் எங்கள் ஊரில் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. பாறை இருந்தவர்கள் பாறையிலும் இல்லாதவர்கள் களத்துமேட்டிலும் நம்பர் எழுதினார்கள். என்னிடம் வந்து, "பேப்பர்ல நம்முது வந்துச்சா கண்ணு?" என்று கேட்டார்கள். எழுத்து தெளிவாக இல்லை என்று சொல்லி எல்லோரையும் அனுப்பினேன்.

வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது என் பொய்தான் என்ற கர்வமும் குற்ற உணர்ச்சியும் எனக்குள் சரிபாதியாக வளர்ந்தன. போர் வண்டி என்பது ஆள்மேல் ஆள் அனுப்பி, ஊர் ஊராக வேலை முடித்துக்கொண்டு வரும்வரை காத்துக்கிடந்தால்தான் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ராத்திரி சோறு உண்ணும்போது முடிவு செய்தால் காலை எட்டு மணிக்கு வந்து நிற்கும் வஸ்து என்றே நினைத்திருந்தேன்.

அப்பா காலமாகிச் சில வருஷங்கள் கழித்து, என் நாற்பத்திரண்டாம் வயதில், இனியும் மறைப்பதற்கில்லை என்று அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பேப்பரில் அப்படி ஒரு செய்தியே வரவில்லை, நான் படித்தது கூந்தல் தைலம் என்றேன். அம்மா ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நீ படிச்சப்பவே வண்டி அரூரு தாண்டி வந்துட்டிருந்துச்சு கண்ணு. அந்த உப்ப எடு."