சாயங்கால டீக்கு நான் போட்ட தடை

முதியோர் இல்லங்களின் தரத்தை ஆய்வு செய்யும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது விருத்தாசலத்தில் அப்படி ஓர் இல்லத்தில் நானே தங்கியிருக்கிறேன்.

எங்கள் சாயங்கால டீயை இங்கே தங்கியிருக்கும் ஓர் அக்காள்தான் போடுவார். பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தே வயதானவர். சூளையில் கோணிப்போன கோப்பைகளில் டீயை ஊற்றி, "ஆறிப்போனா நான் பொறுப்பில்ல" என்று எல்லோரையும் விரட்டுவார்.

போன மாதம் ஆய்வு வரப்போகிறது என்றதும் வார்டன் என்னிடம் வந்தார். "சார், உங்களுக்குத் தெரியாததா? எதுனா குறை இருந்தா சொல்லுங்க."

பழைய மிடுக்கு வந்துவிட்டது. "தங்கியிருக்கிறவங்கள வேலை வாங்கக் கூடாது. முதல்ல அந்தம்மாவ அடுப்படிய விட்டு அனுப்புங்க" என்றேன். அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து சமையல்காரர் போட்ட டீ வந்தது. அக்காள் அதைத் தொடவில்லை. கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விரட்ட ஆள் இல்லாமல் எங்கள் கோப்பைகளும் ஆறின.

ஆய்வுக்கு வந்தது ஓர் இளம் பெண் அதிகாரி. கூடத்தில் எங்களுடன் தரையில் உட்கார்ந்து, "இங்க என்ன குறை இருக்குதுங்க?" என்று கேட்டார்.

அக்காள் என்னைக் கை காட்டினார். "குறையா? தோ உக்காந்திருக்குது பாருங்க! எங்க வூட்லகூட என் அடுப்ப யாரும் புடுங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, "அவங்க டீ போடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவங்கள கேக்காம சொன்னது தப்பு" என்றேன்.

அதிகாரி அக்காளிடம் திரும்பினார். "டீ போடச் சொல்லி உங்கள யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா?"

"என்னையா? நான்தான் இவங்கள குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துறேன்!"

"அப்ப போடுங்க. விருப்பப்பட்டுச் செய்றத விதி தடுக்கல. முடியாதன்னிக்கு மட்டும் சொல்லிடுங்க."

விதி முன்பும் அப்படித்தான் இருந்தது. பணிக்காலத்தில் இதே குறையை எழுதி எத்தனை பேரை அடுப்படியை விட்டு வெளியேற்றினேனோ, தெரியாது. அவர்களில் ஒருவரையும் நான் கேட்டதில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை.

அக்காளிடமாவது கேட்டேன். அவர் அடுப்படிக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"யோவ் ஆபீசரு! மன்னிப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? வந்து இஞ்சியத் தட்டு!"

போனேன்.

"விருப்பப்பட்டுதான வந்த?" என்றார்.