பாத்திமாவுக்கு நான் சொன்ன கேமரா

பொய் சொன்னேன். நன்கு அறிந்தே, என்னை நம்பி வந்த ஒருத்தியைத் தவறான கேமராவை வாங்க வைத்தேன்.

இதைப் படிக்கும் உங்களைத் தவிர வேறு எவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

ஏற்காட்டில் பூச்சியையும் பாசியையும் நெருங்கிப் படமெடுப்பவள் என்றால் நான் ஒருத்திதான். பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் என்பதைவிட அந்தப் பெயரே எனக்கு இனித்தது. பூக்கண்காட்சியை ஒட்டி நடக்கும் படப்போட்டியில் நெருக்கப் படத்துக்கான பரிசு ஆண்டுதோறும் எனக்கே வரும். கடைவீதியில் காப்பித்தூள் விற்கும் பாத்திமா, தானும் அப்படி எடுக்க வேண்டும் என்று வந்து நின்றபோது என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே அவளைச் சேலத்தில் ஒரு கேமராக் கடைக்கு அழைத்துப் போனேன்.

அவள் கைக்கு எட்டிய விலையில் அங்கே இரண்டே சிறு கேமராக்கள் இருந்தன. ஒன்று, பொருளுக்கு ஒரு விரற்கடை அருகில் வைத்தாலும் தெளிவாகப் பதியும், என்னுடையதும் அவ்வகையே. மற்றொன்று, தொலைவில் உள்ளதை இழுத்துக் காட்டும் நீண்ட ஜூம் உடையது. அருகே போனால் மங்கிவிடும். புதிதாகத் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு அருகில் தெளியும் என்பதைத்தான். அவளும் அதைத்தான் தன் வழியில் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், எறும்போட மீசை தெரியோணும். எதுங்க எடுக்கறது?"

கடைக்காரர் வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஜூம் பெருசா இருக்கறதையே எடு, பாத்திமா."

ஏன் சொன்னேன்? அவள் தோற்க வேண்டும் என்பதற்காக. வேறு காரணம் உண்டா என்று பலமுறை தேடிவிட்டேன்... இல்லை.

ஒரு வாரத்தில் வந்தாள். கிட்டப் போனால் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்றாள். பழகப் பழகச் சரியாகும் என்றேன். அது இரண்டாவது பொய்.

அவளோ சோர்ந்துவிடவில்லை! பொட்டலங்களின் பொடி எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை லென்சின் முன் வைத்து, பார்சல் ஒட்டும் டேப்பால் சுற்றிவிட்டாள். முழு ஜூமில் எறும்பின் மீசை என்ன, அதன் மேலிருந்த தூசியே தெரிந்தது!

காப்பி பூத்த அந்தச் சில நாள்களில், செம்மநத்தம் சாலையோரத் தோட்டத்தில் இருவரும் படமெடுத்தோம். என் கேமரா தேனீயின் முகத்தருகே போயாக வேண்டும். நிழல் விழும், தேனீ பறந்துவிடும். அவள் ஒரு சாண் விலகியே நின்றாள். அவளுடைய தேனீ அசையவில்லை.

"பயமுறுத்தாம எட்ட நின்னு எடுக்கத்தான் இதச் சொன்னீங்களாட்ட இருக்குது. இப்பத்தானுங்க புரியுது" என்றாள்.

தலையசைத்தேன்... ஆம், தலையசைத்தேன்!

அந்த ஆண்டுப் போட்டியில் முதற்பரிசு அவளுக்கு. தேனீயின் கண்மீது முளைத்திருந்த மயிர்கள், அவற்றில் ஒவ்வொன்றாக ஒட்டியிருந்த மகரந்தத் துகள்கள்! அத்தகைய படம் ஒன்றை என் வாழ்நாளில் நான் எடுத்ததில்லை. கை வலிக்கத் தட்டினேன். தோற்றவளுக்கு இத்தனை பூரிப்பா என்று நீங்கள் ஐயுறலாம். அந்தப் பூரிப்பு ஒன்றில்தான் பொய் இல்லை.

அப்போது அவள் மைக்கைப் பிடித்தாள். "கேமரா பாத்துக் குடுத்தது எங்க டீச்சருங்க. அவங்களுக்கும் ஒருக்கா கை தட்டிப்போடுங்க."

மண்டபமே என் பக்கம் திரும்பித் தட்டியது. நான் எழுந்து கைகூப்பினேன்.

அந்தப் படம் இப்போது அவள் கடையில் தொங்குகிறது. கீழே ஒரு வரி: 'கேமராவைத் தேர்ந்து தந்தவர் எங்கள் தமிழ் டீச்சர்.' அங்கே போனால் படத்தைக் கண்குளிரப் பாருங்கள். அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள்.

நேற்றும் அதன் கீழே நின்றுதான் காப்பித்தூள் வாங்கினேன். எடை போட்ட பிறகு ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.