சைரன் ஊதுமுன் வாங்கிய தேநீர்

என் மேசையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிற்கிறது. நீல நிறம், மூடியின் ஓரம் சற்று நெளிந்தது. கைப்பிடியில் சீருடைத் துணியின் வெள்ளை நறுக்கு ஒன்று இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது. பிடிக்கும்போது வழுக்கக் கூடாதென்று வெட்டுமேசை அக்கா சுற்றியது. போத்தலில் ஒரு குறையும் இல்லை, இப்போதும் சூடு தாங்கும். ஆனாலும் அதிலிருந்து ஒரு வாய் தேநீர் குடிக்க என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பாடசாலைச் சீருடை தைக்கும் ஒரு சிறிய தையல் நிலையத்தில் நான் மேற்பார்வையாளன். அக்கா அங்கே துணி வெட்டுபவர், தவிலுக்குப் பேர்போன அளவெட்டி ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். அடுக்கி வைத்த துணியின் மேல் கத்தி ஓடும்போது அவர் கதைக்க மாட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டால் பிறகு அவர் வாயை மூட முடியாது. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார், ஆனால் 'நீங்கள்' என்றுதான் கதைப்பார். அந்த மரியாதைக்கு நான் பாத்திரமானவன் என்று அப்போது நம்பியிருந்தேன்.

நிலையத்துக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டுமென்று முதலாளி என்னைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது நெருப்பே என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகும் என்ற நினைப்பு எனக்கு. சிவப்புத் தீயணைப்பான்களை வாங்கிச் சுவரில் மாட்டினேன், சைரன் பூட்டினேன். முற்றத்தில் ஒரு தகரத்தில் வெட்டுத் துணிகளைக் கொளுத்தி எல்லோரையும் வரிசையாக வரச் சொன்னேன். முதலில் பூட்டு ஊசியை இழுங்கள், நெருப்பின் அடியைக் குறி வையுங்கள், கைப்பிடியை அழுத்துங்கள், இடமும் வலமுமாக வீசுங்கள் என்று வாத்தியார் போல் சொல்லிக் கொடுத்தேன். தைக்கிற இளம் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்கள். அக்கா நிதானமாக வந்து அணைத்துவிட்டு, "அடுப்பு நூர்க்கிற மாதிரித்தானே தம்பி, உதுக்கென்ன பயம்" என்று கையைத் தட்டிவிட்டுப் போனார். நெருப்புக்கு அவர் பயப்படவே இல்லை.

அடுத்த கிழமை முதல் தடவையாகச் சைரனை ஊத வைத்தேன். எல்லோரும் முன்வாசலால் வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. சத்தம் எழுந்ததும் அக்கா வாசல் பக்கம் வரவில்லை. உள்ளே, துணிக்கட்டு அடுக்கும் அறைக்குள் ஓடினார். பக்கத்தில் நின்ற பிள்ளையையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் போய்ப் பார்த்தபோது இருவரும் மேசைக்குக் கீழே கிடந்தார்கள். அக்கா முழங்கையை நிலத்தில் ஊன்றி, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்தபடி குப்புறக் கிடந்தார். யுத்தத்தில் ஷெல் குண்டுகள் விழுந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கிடக்கப் பழக்கினார்களாம். வாய் திறந்திருந்தால் காது வெடிக்காதாம். வெளியே ஓடியவர்கள் செத்தார்கள், உள்ளே கிடந்தவர்கள் தப்பினார்கள் என்பது அவர் உடம்பு படித்த பாடம். நான் அந்த வருடங்களில் கொழும்பில் மாமா வீட்டில் வளர்ந்தவன். என் உடம்புக்கு அந்தப் பாடம் தெரியாது.

வேப்பமரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். தவில் அடிக்கிற ஊரிலிருந்து வந்தவவுக்குச் சத்தத்துக்குப் பயமோ என்று ஒருத்தி பகிடி விட்டாள். "தவில் சொல்லிப்போட்டெல்லோ அடிக்கிறது" என்று அக்காவும் சிரிக்கப் பார்த்தார். முகம் சிரிப்புக்கு வரவில்லை. சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டித் தட்டிக்கொண்டே நின்றார். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் மிச்சத்தை எழுதுவதில் அர்த்தமில்லை.

அடுத்த பயிற்சிக்கு முன் எனக்கு ஒரு யோசனை வந்தது, அதை நான் இரக்கம் என்று நினைத்தேன். சைரன் ஊதக் கொஞ்ச நேரம் முன்பு போத்தலைக் கொடுத்து, "அக்கா, எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சந்திக் கடைக்கு அனுப்பிவிடுவேன். அவர் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தேன். அவருக்கு அவமானம் இல்லை, எனக்கும் பயிற்சி குழம்பாமல் நடக்கும். உண்மையில் எது எனக்கு முக்கியமாக இருந்தது என்று இப்போது தெரியும். முதலாளி பார்க்க வரும் நாளில் மேசைக்குக் கீழே ஒருத்தர் கிடந்தால் பொறுப்பாளருக்கல்லவா வெட்கம்.

பிறகு ஒருநாள் உண்மையாகவே பற்றியது. அயன் மேசைக்குப் பின்னால் இருந்த மின்செருகியில் பொறி பறந்து, கீழே கிடந்த வெட்டுத்துணிச் சாக்கில் பிடித்துக்கொண்டது. பொறுப்பாளர் நான்தானே, தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கைப்பிடியை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை. பூட்டு ஊசியை இழுக்கவில்லை என்பது பிறகுதான் மூளைக்கு எட்டியது. இழுத்த பிறகும் எட்ட நின்று சுவாலையின் உச்சிக்கு அடித்தேன். தூள் எல்லாம் கூரைக்குப் போனது, சாக்கு அடியில் எரிந்துகொண்டே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அந்தச் சுரைக்காயை ஊருக்கெல்லாம் பங்கிட்டவன். இதற்குள் யாரோ சைரனை அழுத்திவிட்டார்கள்.

புகை கூடியதும் தீயணைப்பானைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் ஆட்களை எண்ணினேன். ஒவ்வொரு பயிற்சியிலும் வரும் அதே எண்ணிக்கை வந்தது. "எல்லாரும் வந்திட்டினம்" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போது மனதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு கூசும்.

முதல் நாள் அக்காவோடு மேசைக்குக் கீழே கிடந்த அந்தப் பிள்ளைதான் என் கையைப் பிடித்தாள். "அக்கா எங்கை? இண்டைக்கு அவ தேத்தண்ணிக்குப் போகேல்லையே" என்றாள். நான் பழகியிருந்த எண்ணிக்கை அக்கா இல்லாத எண்ணிக்கை.

நான் மரத்தடியிலேயே நின்றேன். அயன் பண்ணுகிற அண்ணைதான் துவாயை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனார். அந்த அறைக்குள், அதே மேசைக்குக் கீழேயிருந்து அக்காவை இழுத்துக்கொண்டு வந்தார். அக்கா இரண்டு காதையும் பொத்தியிருந்தார். வாய் திறந்தே இருந்தது. ஷெல்லுக்குத் திறந்த வாயால் அவ்வளவு புகையும் உள்ளே போயிருந்தது.

உயிர் தப்பினார். ஆனால் துணித் தூசி பட்டால் மூச்சு இழுக்கிறது, இனி அந்த வேலை செய்யக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். அளவெட்டிக்குப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவனை அவர் வாய் திறக்க விடவில்லை. "நீங்கள் படிப்பிச்ச மாதிரி நான் செய்யேல்லைத் தம்பி. உங்களுக்கும் என்னாலை கரைச்சல். குறை நினையாதேங்கோ" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இருமினார். வெளியே ஓடிவர அவருக்கு நான் எங்கே படிப்பித்தேன்? அதைக்கூடச் சொல்லாமல், கொண்டுபோன பழங்களை வைத்துவிட்டு, "சுகமாகும் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

கட்டடத்தைத் திருத்தி வேலை தொடங்கிய பின் மறுபடி ஒரு பயிற்சி வைத்தேன். அன்று யாரையும் வெளியே அனுப்பவில்லை. முடிந்தபின் பிள்ளைகளுக்குத் தேநீர் வாங்க நானே போத்தலை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் போத்தலைக் கண்டதும் அடையாளம் பிடித்துக்கொண்டார்.

"அக்காவுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். சுகம் என்றேன். அவர் தேநீரை ஆற்றியபடியே கதைத்தார். "பாவம், நீங்கள் சைரன் ஊதுற நாளெண்டு தெரிஞ்சுதான் இஞ்சை வருவா. தம்பி என்னை மறைக்கத்தான் அனுப்புறார் எண்டு சிரிச்சுச் சொல்லுவா. அங்கை ஊதத் தொடங்கினா, இந்த மேசை விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. கதிரையைப் போட்டு இருங்கோ எண்டாலும் இருக்கமாட்டா."

"ஏனாம்?"

"சத்தத்துக்குப் படுக்காமல் நிண்டு பழகிறன் எண்டு சொல்லுவா."

அவர் நிரப்பிய போத்தலை மேசை விளிம்பில் வைத்தார். நான் அதை எடுக்காமல் நின்றேன். நான் ஒருவருக்கும் தெரியாதென்று நினைத்தது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் சொல்லாமல் போத்தலை வாங்கிக்கொண்டு போய், அந்நியக் கடையில் தனியே நின்று பழகியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்குள் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்க ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. நான் அந்தக் கையில் ஒரு போத்தலைக் கொடுத்து அனுப்பினேன்.