மிஷின் குஞ்சுகளும் பருந்தும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கோழிக்குஞ்சைப் பற்றி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று சோம்பலாக இருந்தது. வெளியே மழை, வேறு வேலையும் இல்லை. எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் என் கூட்டாளி கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். ஒரு சனிக்கிழமை, சைக்கிளில் கூடை கட்டி விற்பவரிடம் சாயம் போட்ட ஆறு குஞ்சுகளை வாங்கிக்கொண்டு அன்னூர்ப் பக்கமிருந்த அவர்கள் தோட்டத்துக்கு வந்தான். பச்சை, ரோஸ், மஞ்சள். மாப்பிள்ளை ஊர்வலமா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டிருந்தார்:

"இதுக மிஷின்ல பொரிச்சதுக கண்ணு. பருந்துன்னா என்னன்னே தெரியாது. ஒன்னுந் தங்காது."

ஒன்றுகூடச் சாகாமல் வளர்த்துக் காட்டுகிறேன் என்று அவன் வீம்பாகச் சொல்லிவிட்டான்.

இருட்டியதும் அவற்றை அடைகோழியின் இறக்கைக்கடியில், அதன் சொந்தக் குஞ்சுகளோடு தள்ளிவிட்டோம். அது ஏற்றுக்கொண்டது. ஆனால் பகலில் வானத்தில் ஏதாவது வட்டமடித்து, தாய்க்கோழி 'கர்ர்' என்று இழுத்ததும் நாட்டுக்குஞ்சுகள் அதன் அடியில் மறைந்தன. சாயக்குஞ்சுகள் கச்சேரி கேட்பதுபோல் வெயிலில் நின்றன.

நான் பழக்குகிறேன் என்றேன். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பருந்துபோல் பாய்ந்தேன். ஆறும் என் காலை நோக்கி ஓடிவந்தன. அவன் தினமும் குருணை போட்டது அதே முறத்தில்தான். அதன்பிறகு அவன் என்னை வாத்தியார் என்றே கூப்பிட்டான்.

அந்த வாரமே நிஜப் பருந்து இறங்கியது. ரோஸ் குஞ்சைத் தூக்கிக்கொண்டு தென்னை உயரம் போய்விட்டது. அவன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். நான் செருப்பை வீசினேன். அது கிணற்றுக்குள் விழுந்தது. நல்லவேளையாக இரண்டு காக்கைகள் பருந்தைக் கொத்தத் துரத்தின. அது குஞ்சை விட்டது. குஞ்சு கடலைக்கொடிப் போரின் மேல் விழுந்தது. முதுகில் ஒரு கீறல், அவ்வளவுதான். அவன் அதைக் கையில் ஏந்தியபடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். மற்ற ஐந்தும், மேலிருந்து ரோஸ் குஞ்சு போட்ட சத்தத்தைக் கேட்டே தாயின் அடியில் முண்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் முதல் காக்கை நிழல் பட்டாலே நாட்டுக்குஞ்சுகளுக்கு முன்னால் இவைதான் ஓடின. அவன் அம்மா ஆறுக்கும் சேர்த்துக் குருணை போட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? காக்காய்க்கெல்லாம் ஒளிகிறதே, இதெல்லாம் ஒரு கோழியா என்று அவனைச் சீண்டினேன்.

"பயந்தாப் பயந்துட்டுப் போவட்டும் உடுறா, உசுரோட இருக்குதுகல்ல."